பாறை தேய்ந்தது, கோபுரம் நின்றது

வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தபோது பிளிமத் கடற்கரை மேட்டிலுள்ள ஸ்மீட்டன் கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தேன். 93 படிகள். மேலே போனால் கண்ணுக்கெட்டியவரை கடல்தான்!

இது முதலில் நின்றது கரையில் அல்ல. சுமார் 20 கி.மீ. தள்ளி, எடிஸ்டோன் என்ற கடற்பாறையில். அங்கே வின்ஸ்டன்லி 1698-ல் எழுப்பிய விளக்கை 1703 புயல் அவரோடு சேர்த்தே கொண்டுபோனது. அடுத்த மரக்கோபுரம் 1755-ல் எரிந்தது. பிறகு வந்தவர் ஜான் ஸ்மீட்டன், நம் சிவில்காரர்களுக்கெல்லாம் மூத்தவர். ஓக் மரத்தண்டு போல அடி பருத்து மேலே ஒடுங்கும் வடிவம். தச்சர் போடும் டவ்டெயில் மூட்டு போல ஒன்றையொன்று கவ்வும் கற்கள். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீரிலும் இறுகும் என்று சோதித்தறிந்து, அந்தச் சுண்ணாம்போடு இத்தாலிய எரிமலைச் சாம்பலைச் சேர்த்துப் பூசினார். பின்னாளில் வந்த சிமெண்டுக்கு இது ஒரு முன்னோடி. 1759-ல் விளக்கேற்றினார்கள். வெளிச்சம்? வெறும் 24 மெழுகுவர்த்திகள்!

நூறாண்டு தாண்டியும் கோபுரம் அசையவில்லை. அடிப்பாறையைத்தான் அலை அரித்துவிட்டது. (சாயில் மெக்கானிக்ஸ் வகுப்புக்கு மட்டம் போடும் தம்பிகள் கவனிக்க!) 1882-ல் பக்கத்துப் பாறையில் புது விளக்கு வந்தது. பிளிமத் மக்கள் பணம் திரட்டி, பழைய கோபுரத்தின் மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துவந்து கரையில் நிறுத்தினார்கள். அடிக்கட்டை மட்டும் இன்னும் கடலில் அலை வாங்கிக்கொண்டு நிற்கிறது.