செயலிக் கடைகளும் தனி நிரலாளர்களும்

செயலிக் கடை என்பது திறன்பேசி, பலகைக் கணினி முதலிய கருவிகளுக்கான மென்பொருள்களைப் பயனர்கள் தேடவும், தரவிறக்கவும், விலைக்கு வாங்கவும் உதவும் இணையவழி விநியோக அமைப்பு ஆகும். ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோரும் கூகுள் நிறுவனத்தின் கூகுள் பிளேயும் இவற்றுள் முதன்மையானவை. இயங்குதளத்தை உருவாக்கும் நிறுவனமே கடையையும் நடத்துவதால், எந்த மென்பொருள் பயனரைச் சென்றடையலாம், எவ்விதம் விற்கப்படலாம், வருவாயில் எவ்வளவு பங்கு தரவேண்டும் என்பவற்றை அந்நிறுவனமே முடிவு செய்கிறது. தனியாகவோ சிறு குழுவாகவோ இயங்கும் நிரலாளர்களின் தொழில் வாழ்வு இம்முடிவுகளைச் சார்ந்திருப்பது, 2008 ஆம் ஆண்டு முதல் கணினித் துறையிலும் போட்டிச் சட்டத் துறையிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது.

பின்னணி

தனி மேசைக் கணினிகளில் மென்பொருளை நிறுவ இயங்குதள நிறுவனத்தின் அனுமதி பொதுவாகத் தேவைப்படவில்லை. நிரலாளர் தம் மென்பொருளைக் குறுவட்டிலோ இணையத்தளத்திலோ தாமே விற்கலாம். பயனர் விரும்பினால் அதை நிறுவிக் கொள்ளலாம்.

ஐபோன் 2007 ஆம் ஆண்டு ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தபோது, பிற நிரலாளர்கள் அதற்கு மென்பொருள் எழுத வழி இருக்கவில்லை. உலாவியில் இயங்கும் இணையச் செயலிகளையே அவர்கள் உருவாக்க முடிந்தது. 2008 மார்ச் மாதம் மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுதி வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. விலையில் 70 விழுக்காடு நிரலாளருக்கும் 30 விழுக்காடு ஆப்பிளுக்கும் என்ற பங்கீடு அப்போதே வகுக்கப்பட்டது. விற்பனை, கட்டணம் பெறுதல், தரவிறக்கம் ஆகிய அனைத்தையும் கடையே பார்த்துக் கொண்டதால், பல தனி நிரலாளர்கள் இதனை நல்வாய்ப்பாகவே வரவேற்றனர்.

ஆண்ட்ராய்டு இயங்குதளத்துக்கான ஆண்ட்ராய்டு மார்க்கெட் 2008 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2012 மார்ச் மாதம் இது கூகுள் பிளே எனப் பெயர் மாற்றப்பட்டது.

கட்டுப்பாட்டின் கூறுகள்

நிறுவும் உரிமை

ஐபோனில் இயங்கும் ஒவ்வொரு செயலியும் ஆப்பிள் வழங்கும் சான்றிதழால் எண்ணிம ஒப்பம் இடப்பட்டிருக்க வேண்டும். ஒப்பம் இல்லாத நிரலை இயங்குதளம் இயக்காது. கடையில் வெளியிட விரும்பும் நிரலாளர் ஆண்டுதோறும் 99 அமெரிக்க டாலர் உறுப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். கூகுள் பிளேயில் ஒரு முறை மட்டும் 25 டாலர் பதிவுக் கட்டணம் பெறப்படுகிறது. ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவலாம். எனினும் அவ்வாறு நிறுவும்போது எழும் எச்சரிக்கைகளால் பெரும்பாலான பயனர்கள் பிளே கடையை விட்டு விலகுவதில்லை என்பது நிரலாளர்களின் குறை.

மதிப்பாய்வு

ஒவ்வொரு புதிய செயலியும், ஒவ்வொரு புதிய பதிப்பும் கடையின் மதிப்பாய்வைக் கடக்க வேண்டும். ஆப்பிள் தன் மதிப்பாய்வு விதிகளை 2010 செப்டம்பரில்தான் முதன்முதலாக வெளியிட்டது. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், எக்காரணத்தால் நிராகரிக்கப்படலாம் என்பதை முழுமையாக அறியாமலேயே நிரலாளர்கள் செயலிகளை எழுதி வந்தனர். பல மாத உழைப்பு முடிந்த பின்னரே விடை தெரியும் என்பதால், நிராகரிப்பின் இழப்பு முழுவதும் நிரலாளரையே சேரும்.

தரகு

எண்ணிமப் பொருள்களின் விற்பனையில் கடை 30 விழுக்காடு தரகு பெறுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 100 ரூபாய்க்கு விற்கும் செயலியில், வரிகளை நீக்கிப் பார்த்தால், 70 ரூபாய் நிரலாளருக்குக் கிடைக்கும். சம்பளம், வழங்கிச் செலவு, விளம்பரம் ஆகியவற்றை அவர் அதிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். ஆனால் தரகு இலாபத்தின் மீதன்றி மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அவருடைய செலவு 60 ரூபாய் எனில் எஞ்சுவது 10 ரூபாய். கடையின் பங்கு அதைப்போல் மும்மடங்கு.

செயலிக்குள் நிகழும் கொள்முதல் 2009 ஆம் ஆண்டு அறிமுகமானது. 2011 ஆம் ஆண்டு சந்தாக்களும் இத்தரகுக்குள் கொண்டுவரப்பட்டன. ஓராண்டைக் கடந்த சந்தாக்களுக்கான தரகை 2016 இல் ஆப்பிள் 15 விழுக்காடாகக் குறைத்தது. ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலருக்கு மிகாத நிரலாளர்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் 15 விழுக்காடு என்ற திட்டத்தையும் கொணர்ந்தது. கூகுள் 2021 ஜூலை முதல் ஒவ்வொரு நிரலாளரின் முதல் 10 இலட்சம் டாலர் வருவாய்க்கும் தரகை 15 விழுக்காடாக்கியது.

வழிகாட்டத் தடை

வேறிடத்தில் குறைந்த விலைக்கு வாங்கலாம் எனச் செயலிக்குள் பயனருக்குத் தெரிவிப்பதை ஆப்பிளின் விதிகள் நீண்டகாலம் தடை செய்திருந்தன. தரகைக் காட்டிலும் இவ்விதியே போட்டிக்குப் பெரிய தடை என விமர்சகர் பலர் கருதினர். தரகு எவ்வளவு என்பதையும் மாற்று வழி உண்டு என்பதையும் பயனர் அறியாதவரை, தரகைக் குறைக்குமாறு கடைக்கு எவ்வித நெருக்குதலும் ஏற்படாது என்பது அவர்களின் வாதம்.

இயங்குதள வசதிகள்

செயலிகள் இயங்குதளத்தின் எப்பகுதியை அணுகலாம் என்பதையும் உரிமையாளரே வரையறுக்கிறார். பிறர் உருவாக்கிய விசைப்பலகைகளை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்தும் வசதி ஆண்ட்ராய்டில் 2009 ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஐபோனில் அது 2014 ஆம் ஆண்டு ஐஓஎஸ் 8 பதிப்பில்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு விசைப்பலகை எழுதியவர்கள், தம் செயலிக்குள் தட்டச்சு செய்து பிற இடங்களில் ஒட்டிக் கொள்ளும் வழியை மட்டுமே ஐபோன் பயனருக்குத் தர முடிந்தது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* 2008 செப்டம்பரில் பாட்காஸ்டர் என்னும் செயலி, ஐடியூன்ஸ் மென்பொருளில் உள்ள வசதியையே மீண்டும் தருகிறது என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது.
* அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோரியின் செயலி, பொதுமனிதர்களை எள்ளுகிறது என்று 2009 இறுதியில் நிராகரிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் அவர் புலிட்சர் பரிசு பெற்ற பின்னர் அச்செயலி ஏற்கப்பட்டது.
* 2010 ஏப்ரலில் ஃபிளாஷ் போன்ற பிற கருவிகளைக் கொண்டு ஐபோன் செயலிகளை உருவாக்குவதை ஆப்பிள் தடை செய்தது. செப்டம்பரில் இத்தடை தளர்த்தப்பட்டது.
* கட்டற்ற மென்பொருளான விஎல்சி இயக்கி, கடையின் விதிகளுக்கும் குனூ பொதுமக்கள் உரிமத்துக்கும் இடையிலான முரண்பாட்டால் 2011 ஜனவரியில் நீக்கப்பட்டது. உரிமம் மாற்றப்பட்ட பின்னர் 2013 ஜூலையில் அது மீண்டும் இடம்பெற்றது.
* ஆப்பிள் 2018 ஆம் ஆண்டு திரைநேரக் கட்டுப்பாட்டு வசதியை இயங்குதளத்திலேயே சேர்த்தது. அதைத் தொடர்ந்து, அதே பணியைச் செய்த பிறரின் செயலிகள் பல நீக்கப்பட்டன அல்லது வசதிகளைக் குறைத்துக் கொள்ள நேர்ந்தது. அவை பயன்படுத்திய தொழில்நுட்பம் சிறுவர்களின் அந்தரங்கத்துக்குக் கேடானது என ஆப்பிள் விளக்கியது. 2019 ஜூனில் அத்தொழில்நுட்பம் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.
* 2020 ஜூனில் ஹே என்னும் மின்னஞ்சல் செயலியின் புதிய பதிப்பு, செயலிக்குள் கொள்முதல் வசதி இல்லை என்பதற்காக மறுக்கப்பட்டது. பொதுவெளியில் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னர் இணக்கம் ஏற்பட்டது.

பிறரின் செயலியில் உள்ள வசதியை இயங்குதள உரிமையாளர் தாமே சேர்த்து அச்செயலியைத் தேவையற்றதாக்குவது, நிரலாளர் வழக்கில் 'ஷெர்லாக் ஆக்குதல்' எனப்படுகிறது. 2002 ஆம் ஆண்டு வாட்சன் என்னும் மென்பொருளின் வசதிகளை ஒத்தவை ஆப்பிளின் ஷெர்லாக் 3 இல் இடம்பெற்றதிலிருந்து இச்சொல் பிறந்தது.

கடை உரிமையாளர்களின் வாதங்கள்

மதிப்பாய்வு தீநிரல்களையும் மோசடிகளையும் தடுக்கிறது. கடையும் கருவித்தொகுதியும் பெரும் முதலீட்டில் உருவானவை. பெரும்பாலான செயலிகள் இலவசம் என்பதால் அவற்றுக்குத் தரகே இல்லை என்பன உரிமையாளர்கள் முன்வைக்கும் வாதங்கள். கடை இல்லாத காலத்தில் ஒரு தனி நிரலாளர் பல நாடுகளின் பயனர்களை அடைவதும், பல நாணயங்களில் பணம் பெறுவதும், ஆங்காங்குள்ள விற்பனை வரியைச் செலுத்துவதும் மிகக் கடினம் என்பதும் அவர்கள் சுட்டுவதாகும்.

விமர்சனங்கள்

இவ்வசதிகளை விமர்சகர்கள் மறுப்பதில்லை. ஆனால் வேறு வழி இல்லாத இடத்தில் விலையும் விதியும் பேரத்தால் அமைவதில்லை என்கின்றனர். பெருநிறுவனங்கள் வழக்குத் தொடுக்கவும், செய்தித்தாள்களில் எதிர்ப்பைப் பதிவு செய்யவும் வல்லவை. தனி நிரலாளருக்கு அவ்வாய்ப்புகள் அரிது. கணக்கு முடக்கப்பட்டால் அவர் ஒரு செயலியை மட்டுமன்று, தம் பயனர் அனைவரையும் இழக்கிறார். ஏனெனில் வாங்கியவர் யார் என்ற விவரம் பொதுவாகக் கடையிடமே இருக்கும். முடிவு தவறாக இருப்பினும் முறையீட்டை விசாரிப்பதும் அதே நிறுவனம்தான்.

ஒரே இடத்தில் குவிந்த கட்டுப்பாடு அரசுகளுக்கும் எளிய கருவியாகிறது என்பது மற்றொரு விமர்சனம். 2017 ஆம் ஆண்டு சீனாவில் மெய்நிகர் தனிப்பிணையச் செயலிகள் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. 2021 செப்டம்பரில் உருசிய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவால்னி அணியினரின் தேர்தல் செயலியை அந்நாட்டில் இரு கடைகளும் நீக்கின.

வழக்குகளும் சட்டங்களும்

அமெரிக்கா

2020 ஆகஸ்ட் 13 ஆம் நாள் எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடிக் கட்டண வசதியைச் சேர்த்தது. அன்றே இரு கடைகளும் அச்செயலியை நீக்கின. அன்றே எபிக் இரு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் வழக்கில் 2021 செப்டம்பர் 10 இல் நீதிபதி யுவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் தீர்ப்பளித்தார். ஆப்பிள் முற்றுரிமையாளர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனவும், வழிகாட்டத் தடை கலிபோர்னியச் சட்டத்துக்கு முரணானது எனவும் அதில் கூறப்பட்டது.

2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளை ஏற்க மறுத்தது. அதன் பின் ஆப்பிள் வெளி இணைப்புகளை அனுமதித்தது; ஆனால் அவ்வழி நிகழும் விற்பனைக்கும் 27 விழுக்காடு வரை தரகு கோரியது. பணம் பெறும் சேவைக்கான செலவையும் கூட்டினால் நிரலாளருக்கு ஏறத்தாழ எந்தச் சேமிப்பும் இராது. இது ஆணையை வேண்டுமென்றே மீறுவது என 2025 ஏப்ரல் 30 இல் அதே நீதிபதி அறிவித்தார். ஆப்பிள் மேல்முறையீடு செய்தது.

கூகுள் மீதான வழக்கில் 2023 டிசம்பரில் நடுவர் குழு எபிக்குக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

ஐரோப்பிய ஒன்றியம்

இசைச் சேவைகளின் மீதான வழிகாட்டத் தடைக்காக 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. அதே மாதம் 7 ஆம் நாள் முதல், எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தின. இதனால் ஒன்றிய நாடுகளில் ஐபோனில் மாற்றுக் கடைகள் அனுமதிக்கப்பட்டன. ஆல்ட்ஸ்டோர் பால் 2024 ஏப்ரலில் வந்தது.

ஆனால் புதிய நிபந்தனைகளை ஏற்போரிடம், ஆண்டுக்குப் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு முதல் நிறுவலுக்கும் அரை யூரோ கட்டணம் என ஆப்பிள் அறிவித்தது. இதன்படி சிறு வருவாய் மட்டுமே ஈட்டும் செயலி ஒன்றை 20 இலட்சம் பேர் நிறுவினால், அதன் நிரலாளர் 5 இலட்சம் யூரோ செலுத்த வேண்டியிருக்கும். எவ்வித வருவாயும் இல்லாதோருக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. வழிகாட்டத் தடை தொடர்பாக 2025 ஏப்ரலில் மேலும் 50 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

தென் கொரியா, ஜப்பான்

கடையின் சொந்தக் கட்டண முறையைக் கட்டாயமாக்குவதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தைத் தென் கொரியா 2021 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறன்பேசி மென்பொருள்களில் போட்டியை வளர்ப்பதற்கான ஜப்பானின் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறி, 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இந்தியா

2022 அக்டோபர் 25 இல் இந்தியப் போட்டி ஆணையம், பிளே கடையின் கட்டண விதிகள் தொடர்பாகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2025 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதனை 216.69 கோடியாகக் குறைத்தது.

ஆணையின் பின்னர், பிற கட்டண முறையைப் பயன்படுத்துவோருக்குத் தரகில் 4 விழுக்காட்டுப் புள்ளிகளைக் கூகுள் குறைத்தது; அதாவது 15 க்குப் பதில் 11, 30 க்குப் பதில் 26. இதனை எதிர்த்து, சென்னையில் தலைமையகம் கொண்ட மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய பொருள் எனக் கூறி 2023 ஆகஸ்டில் வழக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன. மேல்முறையீடும் 2024 ஜனவரியில் தோல்வியுற்றது. 2024 மார்ச் 1 ஆம் நாள் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி முதலிய செயலிகளைக் கூகுள் நீக்கியது. நடுவண் அரசு தலையிட்டதைத் தொடர்ந்து சில நாள்களில் அவை மீட்கப்பட்டன.

மாற்று வழிகள்

ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள்களை மட்டும் வழங்கும் எஃப்-டிராய்டு களஞ்சியம் 2010 ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. உலாவி வழியே இயங்கும் இணையச் செயலிகளுக்குக் கடையின் ஒப்புதல் தேவையில்லை. எனினும் அவை கருவியின் எல்லா வசதிகளையும் அணுக இயலாது.

கடைக்கு வெளியே வழங்கப்படும் ஆண்ட்ராய்டு செயலிகளின் நிரலாளர்களும் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும் என்னும் திட்டத்தைக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மோசடிகளைத் தடுப்பதே நோக்கம் என அது கூறியது. கடையைச் சாராத இறுதி வழியையும் இது அனுமதிக்கு உட்படுத்தும் என எஃப்-டிராய்டு எதிர்ப்புத் தெரிவித்தது.

இவற்றையும் பார்க்கவும்

* கட்டற்ற மென்பொருள்
* முற்றுரிமை
* திறன்பேசி
* இந்தியப் போட்டி ஆணையம்