பழைய ஆர்.எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா? மதுரைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

யமஹா ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சத்தத்துக்காகவே தேடிப் பிடித்து வாங்கி, புதுசாக்கி ஓட்டுபவர்கள் உண்டு. முதல் முறை வாங்குபவர் கோட்டை விடக்கூடிய இடம் ஆர்.சி!

ஆர்.சி உயிரோடு இருக்கா?

பைக்கின் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். சேஸிஸ், இன்ஜின் நம்பர்கள் ஆர்.சி-யோடு ஒத்துப்போகலைன்னா, வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பெயர் மாற்றம் எங்கே?

படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் வசிக்கும் பகுதி ஆர்.டி.ஓ-விடம் 30 நாளுக்குள் கொடுக்கணும். மதுரையில் தெற்கு (டி.என் 58), வடக்கு (டி.என் 59), மத்தி (டி.என் 64) என மூன்று அலுவலகங்கள்.

எதை மாற்றலாம்?

பிஸ்டன், வயரிங், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, அதே அளவு டயர் மாற்றுவதில் சிக்கல் இல்லை. பெயின்ட் நிறம் மாறினால் ஆர்.சி-யிலும் மாற்றணும்.

எது குற்றம்?

ஃபிரேமை வெட்டுவது, கூடுதல் சிசி-க்கு மாற்றுவது கூடாது. மோட்டார் வாகனச் சட்டப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். அடிப்படை வடிவமைப்பை மாற்றக் கூடாது என 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பேப்பர் சரியாக இருந்தால் மட்டும் அட்வான்ஸ். மெக்கானிக் செலவெல்லாம் அப்புறம்தான்!