எய்கோ இஷியோகா

எய்கோ இஷியோகா (1938 ஜூலை 12 – 2012 ஜனவரி 21) ஜப்பானிய வரைகலைஞர். மேடைக்கும் திரைக்கும் ஆடைகளையும் அரங்குகளையும் வடிவமைத்தவர். டோக்கியோவில் பிறந்தார். அந்நகரின் தேசிய நுண்கலை, இசைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1961இல் ஷிசெய்டோ அழகுப்பொருள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். ஆண்கள் கோலோச்சிய துறை அது. 1970களில் பார்க்கோ அங்காடிகளுக்கு அவர் உருவாக்கிய விளம்பரங்களில் விற்பனைச் சரக்கைத் தேடினாலும் காண முடியாது. ஒன்றில் நடிகை ஃபே டனவே கறுப்பு உடையில் அமர்ந்து, அவித்த முட்டையை உரித்துச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். பார்த்தவர்கள் மறக்கவில்லை.

பால் ஷ்ரேடரின் ‘மிஷிமா’ (1985) அவரைத் திரைக்கு அழைத்துவந்தது. எழுத்தாளர் யூகியோ மிஷிமாவின் வாழ்க்கையோடு அவருடைய நாவல்களின் காட்சிகளும் இடையிட்டு வரும் படம் அது. நாவல் பகுதிகளுக்கான அரங்குகள் எய்கோவுடையவை. ஒரு நாவலில் வரும் பொற்கோயில் நடுவே பிளந்து திறக்கிறது. சதிகாரர்கள் கூடியிருக்கும் அறையின் சுவர்கள் அப்படியே சாய்கின்றன. எல்லாம் மேடைத் தட்டிகள் என்பதை அவர் மறைக்க முயலவே இல்லை. அதனாலேயே அவை உண்மையான கட்டடங்களைவிட ஆழமாக மனதில் பதிகின்றன. கான் திரைப்பட விழா இப்படத்தின் கலைப் பங்களிப்பைப் பாராட்டி விருதளித்தது.

1988இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘எம். பட்டர்ஃப்ளை’ நாடகத்துக்காக, வளைந்திறங்கும் சிவப்புச் சரிவுப்பாதை ஒன்றை மேடையில் எழுப்பினார். அரங்கமைப்பு, ஆடை இரண்டுக்கும் டோனி விருதுப் பரிந்துரை பெற்றார்.

அவருடைய உச்சம் பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலாவின் ‘டிராகுலா’ (1992). ஆடைகளே அரங்காக நிற்கவேண்டும் என்று கப்போலா விரும்பினார். எய்கோ டிராகுலாவுக்கு உரித்த தசைநார் போன்ற செந்நிறக் கவசம் அணிவித்தார். லூசி என்னும் பாத்திரத்தின் மணவாடைக்கு, கழுத்துமடல் விரிக்கும் ஓணானை மாதிரியாகக் கொண்டார். காலத்தைக் காட்டும் உடைகள் அல்ல இவை. பாத்திரத்தின் உள்ளிருப்பதை வெளியே இழுத்துப் போட்டவை. ஆஸ்கர் கிடைத்தது மிகப் பொருத்தம்.

பின்னர் ஜலந்தரில் பிறந்த இயக்குநர் தர்செம் சிங்குடன் ‘தி செல்’ (2000) முதல் நான்கு படங்களில் பணியாற்றினார். ராஜஸ்தானிலும் படமாக்கப்பட்ட ‘தி ஃபால்’ (2006) அவற்றுள் ஒன்று. பாலைவெளியில் அவருடைய நிறங்கள் எப்படி எழுகின்றன என்பதற்காகவே அதைப் பார்க்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவின் ஆடைப் பொறுப்பும் அவருடையதே.

கணையப் புற்றுநோயால் டோக்கியோவில் இறந்தார். கடைசிப் படமான ‘மிரர் மிரர்’ அவர் மறைந்தபின் வெளிவந்து, சிறந்த ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது.