'அ' எங்கே போனது?

தமிழில் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கிறீர்கள். 'அ' இருக்க வேண்டிய இடத்தில், தலையில் குட்டிக் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'. அடுத்து வட்டத்துக்குள் ஒரு 'ஆர்'. அப்புறம் மூன்று புள்ளி. பக்கம் முழுக்க இதே கூத்து. 'வைரஸ் வந்துடுச்சு சார்' என்பார் பக்கத்து சீட்காரர். நம்பாதீர்கள். இந்த வியாதியின் வேர் 1963-ல் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அமெரிக்கர்கள் அந்த வருடம் ஒரு பட்டியல் போட்டார்கள். பெயர் ஆஸ்கி. மொத்தம் 128 இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும் என்பதால், மிச்சமிருந்த 128 இடங்களில் ஆளாளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். ரஷ்யர் பட்டியல் வேறு, பிரெஞ்சுக்காரர் பட்டியல் வேறு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குக் கந்தல். ஜப்பானியர்கள் இதற்கு 'மொஜிபாகே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எழுத்து உருமாறுவது என்று பொருள். பல்கேரியர்களுக்கு இது 'குரங்கெழுத்து'!

நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா? தமிழுக்குள்ளேயே ஃபான்ட்டுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தோம். 1999-ல் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூட்டி, கடைசியில் டாம், டாப் என்று இரண்டை அங்கீகரித்தது தமிழக அரசு. ஒன்று போதாதோ?

இதற்கிடையே 1991-ல் யூனிகோட் வந்து, எல்லா மொழிக்கும் ஒரே பட்டியல் என்றது. அதில் நம் 'அ'வின் எண் 2949. ஒரு பைட்டுக்குள் அடங்காது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கென் தாம்ஸன் இதற்கு வழி கண்டுபிடித்தார். கூட இருந்தவர் ராப் பைக். ஆங்கில எழுத்துக்கு பழையபடி ஒரு பைட், நம் எழுத்துக்கு மூன்று. அதுதான் யுடிஎஃப்-8.

அதன்படி 'அ' என்பது 224, 174, 133. இப்போது பழைய விண்டோஸ் ஐரோப்பியப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். 224-ல் கோடு போட்ட 'ஏ', 174-ல் வட்ட 'ஆர்', 133-ல் மூன்று புள்ளி. ஆக, 'அ' எங்கேயும் போகவில்லை. படித்தவர்தான் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு படித்திருக்கிறார்!

அவர் யார்? டெம்ப்ளேட் ஃபைலை சேமித்த எடிட்டரா, டேட்டாபேஸா, சர்வரா? ஒவ்வொருவராக விசாரியுங்கள். பக்கத்துக்குள் நீங்கள் 'யுடிஎஃப்-8' என்று எழுதியிருந்தாலும், சர்வர் வேறு சொன்னால் பிரவுசர் சர்வர் பேச்சைத்தான் கேட்கும். 'மைசீக்வல்' டேட்டாபேஸோ, 2018-ல் 8.0 வரும்வரை, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஐரோப்பியப் பட்டியலையே எடுத்துக்கொண்டது.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் வயிற்றில் புளி கரைய வேண்டும். தன் பட்டியலில் இல்லாத எழுத்துக்கெல்லாம் ஏதோ ஒரு புரோகிராம் 63 என்று போட்டுவிட்டது. 63 என்றால் கேள்விக்குறி. அதை அப்படியே சேமித்திருந்தால் தமிழ் போனது போனதுதான்.

உருமாறிய எழுத்தை மீட்டுவிடலாம். ஆனால் தயவுசெய்து திரையிலிருந்து காப்பி எடுத்து மீட்காதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு 224, 175, 141. அந்த விண்டோஸ் பட்டியலில் 141-ம் இடம் காலி. கண்ணுக்குத் தெரியாத அந்த பைட் வழியில் நழுவிவிட்டால், மீட்டெடுத்த பக்கத்தில் 'தமிழ்' என்பதில் புள்ளி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும்.