வாடகையா, விற்பனையா, கடனா? தவணை வண்டியின் வரலாறு

பௌர்ணமிக்கு முந்தைய இரவு. இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தேன். முன்பு என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் கூறி, ஒரு கோப்பை நீட்டினார். வயது இருபத்து மூன்று. பிறருடைய காரை நாள் கூலிக்கு ஓட்டுபவர். கிரிவலத்திற்காக வெளியூர்களிலிருந்து நம் திருவண்ணாமலைக்கு வரும் மக்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு.

"ஹஜ்ரத், சொந்தமா ஒரு மஞ்சள் போர்டு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். இது வட்டிக் கடன் இல்லையாம், ஹயர் பர்ச்சேஸாம். வாடகை மாதிரிதான்னு ஷோரூம்ல சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றார்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் படித்தவற்றையும், முன்பே படித்து நினைவில் இருந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் முதல் வண்டி வாங்கத் துடிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றார்கள்.

தவணை என்பது மார்க்கத்திற்குப் புதிதன்று. அடிமையாக இருந்த பரீரா (ரலி) அவர்கள், ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா வெள்ளி தந்து விடுதலை பெறுவதாகத் தம் எஜமானர்களுடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. ஈடு வைப்பதும் புதிதன்று. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது. ஆகவே, தவணையைக் கண்டதும் வட்டி என்று முகம் சுளிப்பது சரியன்று. கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஒரு பொருளின் விலையா, ஒரு பொருளைப் பயன்படுத்தியதற்கான வாடகையா, அல்லது கொடுத்த பணத்திற்கும் காலத்திற்குமான கூலியா என்பதே கேள்வி.

என் மாணவர் சொன்ன ஹயர் பர்ச்சேஸ், அதாவது வாடகைக் கொள்முதல், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வளர்ந்த முறை. அதன் சட்ட வடிவத்தை உறுதிசெய்தது ஒரு பியானோ வழக்கு. ஹெல்பி என்ற வியாபாரி, புரூஸ்டர் என்பவருக்கு மாதத் தவணையில் முப்பத்தாறு மாதங்களுக்கு ஒரு பியானோவை வாடகைக்குக் கொடுத்தார். எல்லாத் தவணையும் கட்டினால் பியானோ புரூஸ்டருக்குச் சொந்தம். நடுவில் வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். புரூஸ்டரோ அதைக் கொண்டுபோய் மேத்யூஸ் என்ற அடகுக்கடைக்காரரிடம் அடகு வைத்துவிட்டார். 1895இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: புரூஸ்டர் வாங்க ஒப்புக்கொண்டவர் அல்லர், வாடகைதாரர்தாம், பியானோ இன்னும் ஹெல்பியுடையதே. வாடகைக்காரர், விரும்பினால் பிறகு வாங்கலாம் என்ற இந்த அமைப்பு அன்றுமுதல் வணிகர்களுக்குப் பாதுகாப்பான கோட்டையாயிற்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1919இல் தன் கார்களைத் தவணையில் விற்பதற்கென்றே தனி நிதி நிறுவனம் தொடங்கியது.

நம் மண்ணில் இம்முறையை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த டி.எஸ். சந்தானம். 1954இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தை அவர் தொடங்கினார். அக்கால வங்கிகள் பெரும்பாலும் பெருவணிகர்களுக்கும் ஆலைகளுக்குமே கடன் கொடுத்தன. ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்க நினைத்த ஓட்டுநர் வங்கிப் படியேற முடியாது. அத்தகையோர் முதலாளிகளாக இந்தத் தவணை நிறுவனங்கள் வழிவகுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. வட்டியைக் கண்டிக்கும்போது, அந்த வட்டி யாருடைய தேவையைத் தீர்த்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அந்தத் தேவைக்கு நாம் வேறு வழி அமைத்துக் கொடுக்கவில்லை.

இனி, நான் இரண்டு நாள் உறங்காமல் படித்த வழக்குக்கு வருகிறேன். அதே நிறுவனம் கேரளத்தில் செய்த வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்களுக்கு, இறுதித் தவணையில் வண்டி கைமாறுவது விற்பனைதானே என்று அம்மாநில அரசு விற்பனை வரி விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1965இல் தீர்ப்பாயிற்று. நீதிபதிகள் தாளின் தலைப்பைப் பார்க்கவில்லை, நடந்ததைப் பார்த்தார்கள். வாடிக்கையாளரே வியாபாரியிடம் வண்டியைத் தேர்ந்து வாங்குகிறார். குறையும் பணத்தை நிறுவனம் கொடுக்கிறது. வண்டி வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவாகிறது. பிறகு அவர் அதை நிறுவனத்திற்கு விற்றதாகவும், நிறுவனம் அவருக்கே வாடகைக்கு விட்டதாகவும் தாள்கள் எழுதப்படுகின்றன. உண்மையில் விற்கும் எண்ணம் வாடிக்கையாளருக்கு இல்லை. கொடுத்த கடனைத் திரும்பப் பெறும் பாதுகாப்பே நிறுவனத்தின் நோக்கம். ஆகவே இது கடன், விற்பனை வரி கிடையாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நிறுவனம் வழக்கில் வென்றது. வென்ற காரணமோ, அந்த 'வாடகை' வாடகையன்று என்பதுதான்!

இதைப் படித்தபோது, நாங்கள் மதரஸாவில் மனனம் செய்த ஃபிக்ஹ் விதி நினைவுக்கு வந்தது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுத்த மஜல்லா சட்ட நூலின் மூன்றாம் விதி அது. ஒப்பந்தங்களில் கருத வேண்டியவை நோக்கமும் பொருளுமே, சொற்களல்ல என்பது அதன் கருத்து. டெல்லியின் நீதிபதிகள் மஜல்லாவைப் பார்த்துத் தீர்ப்பெழுதவில்லை. ஆயினும் இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

வாடகைக் கொள்முதலை முறைப்படுத்த 1972இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை, 2005இல் நீக்கப்பட்டது. இதற்கிடையில் 1983இல் மாருதி 800 வந்து, கார் நடுத்தரக் குடும்பங்களின் கனவாயிற்று. பின்னர் வங்கிகளும் இத்துறையில் இறங்கின. இன்று பெரும்பாலான கார்க் கடன்களில் வாடகை என்ற பேச்சே இல்லை. அவை நேரடிக் கடன்கள், வண்டி ஈடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் என்று ஏறுவது இதைத்தான் குறிக்கிறது. கடன் தீர்ந்தபின் 35ஆம் படிவம் கொடுத்து அதை நீக்க வேண்டும். பலர் இதை மறந்து, வண்டியை விற்கும்போது அலைகின்றார்கள்.

என் மாணவரின் கோப்பைத் திறந்தால், அதிலும் அப்படியே இருந்தது. ஷோரூமில் பழைய பழக்கத்தில் ஹயர் பர்ச்சேஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். தாளிலோ கடன் ஒப்பந்தம். ஐந்து இலட்சத்திற்கு ஐந்தாண்டு, பத்து விழுக்காடு 'ஃபிளாட்'. மாதம் 12,500, மொத்தம் 7,50,000. அதே பத்து விழுக்காட்டைக் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் மாதம் ஏறத்தாழ 10,624, மொத்தம் 6,37,000 சொச்சம்தான் வரும். அதாவது ஃபிளாட் பத்து என்பது உண்மையில் ஏறத்தாழ பதினேழு விழுக்காடு. இரண்டும் வட்டியே என்பது வேறு. ஆனால் பத்து என்று நம்பிப் பதினேழில் கையெழுத்திடுவது அறியாமை.

உண்மையான வாடகை எப்படி இருக்கும்? 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை இதை விளக்கியுள்ளது. உடைமையில் முடியும் இஜாராவில் வாடகை மெய்யான வாடகையாக இருக்க வேண்டும், விற்பனையை மறைக்கும் திரையாக இருக்கக் கூடாது. வண்டி அழிந்தால் இழப்பு உரிமையாளருடையது. இன்ஷூரன்ஸ் இருந்தால் அதுவும் அவர் பொறுப்பு. தவணை விற்பனையைப் பற்றி அதே பேரவை 1990இல் ஜித்தாவில் முடிவு கூறியது: ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம்; ஆனால் விலை முடிவானபின் தாமதத்திற்காக ஒரு காசும் ஏற்றக் கூடாது. நம் நாட்டு வங்கிகள் இப்படிப் பொருளை வாங்கி விற்பதற்கு 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருவதில்லை. வட்டியில்லா வங்கிமுறைக்கு ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தும், அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டதாக 2017இல் தெரியவந்தது.

ஹலால் என்று பலகை மாட்டியதெல்லாம் மாற்றுவழி ஆகிவிடாது என்பதற்கு, 2019இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்து ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு போனதே சாட்சி. அங்கும் பார்க்கத் தவறியது சொல்லுக்குப் பின்னால் இருந்த பொருளைத்தான்.

இரண்டு நாள் கழித்து மாணவர் வந்தார். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப வண்டியே வேணாங்கிறீங்களா ஹஜ்ரத்?" என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நமக்குத் தெரிந்த டிராவல்ஸ் உரிமையாளர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். ஆறாண்டு ஓடிய வண்டி ஒன்றை, ரொக்க விலையை விடச் சற்றுக் கூடுதலாக, இருபத்து நான்கு தவணைகளில் தர அவர் சம்மதித்தார். தாமதமானால் அபராதம் இல்லை. இரு சாட்சிகளுடன் எழுதிக்கொண்டோம். பெயர் மாற்றமும் முடிந்தது. ஈடாக மாணவரின் தாயார் தம் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்.

புதிய வண்டி அல்ல என்பதில் அவருக்கு வருத்தமுண்டு. கடந்த மாதம் ஏழாவது தவணையைக் கட்டினார்.