16 மி.மீ. பெரியவர்

1923இல் கோடாக் நிறுவனத்தில் பிறந்து, வீட்டு விசேஷங்களுக்கும் பள்ளிப் பாடங்களுக்கும் உழைத்து, பின்னர் அலைகளையும் பனிமலைகளையும் தேடிப் போனவர்களின் தோளேறி உலகம் சுற்றிய 16 மில்லிமீட்டர் படச்சுருள், சாகச விளையாட்டுப் படங்களின் உலகிலிருந்து ஓசையில்லாமல் விடைபெற்றுக்கொண்டார்.

1950 முதல் ஆண்டுக்கொரு பனிச்சறுக்குப் படத்தோடு ஊர் ஊராகப் போய், திரைக்குப் பக்கத்தில் நின்று தாமே கதை சொன்ன வாரன் மில்லரையும், 1953இல் சான்டா மோனிகாவின் பள்ளி அரங்கொன்றில் ஹவாய் அலைகளைக் காட்டிய பட் பிரவுனையும் வாழவைத்தவர் இவர். கோடையைத் துரத்தி உலகைச் சுற்றிய இரண்டு இளைஞர்களோடு புரூஸ் பிரவுன் எடுத்த 'தி எண்ட்லெஸ் சம்மர்' கடலோர ஊர்களில்தான் ஓடும் என்று விநியோகஸ்தர்கள் கைவிரித்தபோது, கடலே இல்லாத கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில், உறையும் குளிரில் கூட்டத்தை வரிசையில் நிற்கவைத்தவரும் இவரே.

அவரிடம் ஒரு சிக்கனம் இருந்தது. நூறடிச் சுருள் வழக்கமான வேகத்தில் மூன்று நிமிடம்கூட வராது. அலை மெல்ல மடிவதைக் காட்ட நொடிக்கு 64 பிரேம் ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் கேமராவோ ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம்தான் ஓடும். அதனால் கேமராவோடு கரையில் நின்றவர் வந்த அலையையெல்லாம் எடுக்கவில்லை. பார்த்து, பொறுத்து, இதுதான் என்று மனம் சொன்ன பிறகே விரலை அழுத்தினார். எடுத்தது பதிந்ததா என்பதும் லேபில் கழுவி வரும்வரை தெரியாது.

வெள்ளையை அவர் போலப் புரிந்துகொண்டவரும் இல்லை. வெயிலில் பளீரிடும் பனியும் உடையும் நுரையும் அந்தக்கால வீடியோவில் வெறும் வெள்ளைத் திட்டாய் வெந்துபோக, அவரோ அந்த வெளிச்சத்துக்குள்ளும் பனியின் மடிப்பையும் துளியின் உருவையும் பத்திரமாக வைத்திருந்தார்.

வாரிசாக வந்த வீடியோவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1984இல் பவல் பெரால்டா நிறுவனத்தின் ஸ்கேட்போர்டு வீடியோ வீட்டுக் கூடங்களுக்குள் வந்தது. 1992இல் டெய்லர் ஸ்டீல் வீடியோவில் எடுத்த 'மொமென்டம்' அலைச்சறுக்கில் ஒரு புதிய தலைமுறையை அறிமுகப்படுத்தியது. 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளின் கேமராவாயிற்று. ஒரே படிக்கட்டில் நூறு தடவை விழுந்து நூற்றோராவது தடவை நிற்கும் பிள்ளைக்கு அத்தனை நேரமும் துணையிருக்க வீடியோவால் முடிந்தது. பெரியவருக்கு அந்த வசதி இல்லை.

2004இல் கோப்ரோ விற்ற முதல் கேமராவில்கூடப் படச்சுருள்தான் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதுவும் டிஜிட்டலுக்கு மாறியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது. மறு ஆண்டு ஃபூஜி, சினிமாப் படப்பிடிப்புச் சுருள் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. கோடாக் மீண்டெழுந்து இன்றும் சுருள் செய்கிறது. ஆசைப்பட்ட சிலர் வாங்கிப்போய் அலைமுன் நிற்கிறார்கள். ஆனால் அது திதிக்கு இலை போடுவது போலத்தான். அன்றாடச் சமையல் வேறு அடுப்புக்குப் போய்விட்டது.

தாத்தாவின் பெயரைச் சுமப்பதால்தான் பேரனைப் பெயரன் என்கிறோம். இன்று கைபேசியில் நாம் விரலால் தள்ளிவிட்டுப் போகும் அந்த அரை நிமிட அலைக்கும் ரீல் என்றுதான் பெயர்.