இரண வைத்தியமும் 1867ஆம் ஆண்டும்



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரை வயலிலே பெரும்போக வேலை நடக்கும்போது ஒருவனுடைய காலில் மண்வெட்டி பட்டால், அவன் சேற்றை வாய்க்கால் நீரில் அலம்பி, துணியொன்றைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வது வழக்கம். அத்தகைய காயங்களுட் பல தாமே ஆறிவிடும். ஆறாத காயமோ சீழ்கொண்டு, புரையோடி, காய்ச்சலை எழுப்பி, ஈற்றில் குருதியிலே நஞ்சேறச் செய்து ஆளைக் கொல்லவும் கூடும். மனிதன் காயத்தினாற் சாகிறானா, காயத்தின் வழியே புகுந்த வேறொன்றினாற் சாகிறானா? இவ்வினாவுக்கு விடை பிறந்த காலத்திலே தமிழ் எங்கே நின்றது என்பது பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

1847ஆம் ஆண்டு, வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலை. அங்கே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் பணிபுரிந்த விடுதியிலே இறந்த தாய்மார் சிலர். வைத்திய மாணவர் பணிபுரிந்த விடுதியிலே பலர். 1846இல் பின்னையதில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். பிணங்களை அறுத்துப் பயின்ற கைகளோடு மாணவர் நேரே தாய்மாரிடம் செல்வதே காரணமென்று செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் உணர்ந்தார். குளோரின் கலந்த நீரிலே கைகழுவுமாறு கட்டளையிட்டார். 1848இல் மரணம் நூற்றுக்கு ஒன்றையொட்டிக் குறைந்தது. ஆயினும் அக்கால அறிஞர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். 1865 ஆகஸ்டிலே மனநோயாளர் விடுதியொன்றில், தாம் எதிர்த்துப் போராடிய அதே குருதி நஞ்சுக்கு இரையாகி அவர் மாண்டார்.

செம்மல்வைஸ் கைகழுவச் சொன்ன அதே 1847இலே யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் அவர் நோயாளரைப் பார்த்தார். மாணவர்க்கு வைத்தியமும் கற்பித்தார். அன்னிய மொழியிலே கற்ற வைத்தியம் மக்களிடம் வேரூன்றாது என்பது நாளடைவில் அவர் கண்ட உண்மை. ஆதலின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். பாடநூல்கள் வேண்டுமே! தம் மாணவரைத் துணைக்கொண்டு அவற்றைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. துரூயிற் என்னும் ஆங்கில வைத்தியரின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்னும் பெயரில் 1867இல் அச்சேறியது.

அந்த 1867ஐ நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். கிளாஸ்கோ நகரிலே யோசேப் லிஸ்டர் என்னும் சத்திரவைத்தியர், நொதித்தலும் அழுகலும் நுண்ணுயிர்களால் நிகழ்வன என்ற பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்திருந்தார். புண் அழுகுவதும் அவற்றாலேயே ஆகலாமன்றோ என எண்ணினார். 1865 ஆகஸ்டு 12ஆம் நாள், வண்டிச் சில்லு ஏறிக் காலெலும்பு முறிந்து தோலையும் பிளந்த 11 வயதுச் சிறுவனொருவனின் காயத்துக்குக் காபோலிக் அமிலம் தோய்ந்த துணியைக் கட்டினார். பெரும்பாலும் காலையே வெட்டியெறிய வேண்டிவரும் அத்தகைய காயம் அழுகாது ஆறிற்று. 1867இல் 'லான்செற்' சஞ்சிகையிலே தம் முறையை அவர் வெளியிட்டார். அவர் அவயவம் நீக்கிய நோயாளருள் முன்னர் 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறையின் பின்னர் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

தமிழிலே சத்திரசிகிச்சை நூல் பிறந்த ஆண்டும், பழைய சத்திரசிகிச்சைக்கு முடிவு கூறிய ஆண்டும் ஒன்றே! மானிப்பாய் மாணவன் கையிலிருந்த புதுநூலுக்கு மூலமாயிருந்தது லிஸ்டருக்கு முற்பட்ட அறிவு.

இதற்காகக் கிறீனைக் குறைகூறுதல் முறையன்று. லிஸ்டரை அவருடைய சொந்த நாட்டவரே நெடுநாள் ஐயுற்றனர். கிறீனின் தாயகத்திலே 1881இல் ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, வைத்தியர் கழுவாத விரல்களால் அவர் காயத்தைத் துழாவினர். இரண்டரை மாதங்களுக்கு மேல் வருந்தி, குருதி நஞ்சேறி அவர் இறந்தார். அன்று மானிப்பாய்க்கும் வாஷிங்டனுக்கும் இவ்விடயத்திலே பெரும் வேற்றுமை இருந்ததாகச் சொல்ல முடியாது.

வேற்றுமை பின்னர்த்தான் விளைந்தது. ஆங்கிலத்திலே பழைய நூல் திருத்தப்பட்டது. புதிய நூல்கள் எழுந்தன. தமிழிலோ 1873இல் கிறீன் நாடு திரும்பிய பின்னர்த் தமிழ்வழி வைத்தியக் கல்வி சில ஆண்டுகளில் நலிந்து மறைந்தது. 1870இல் கொழும்பில் தோன்றிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. 1884இல் இறக்கும்வரை கிறீன் அமெரிக்காவிலிருந்தே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 'தமிழருக்கான வைத்திய ஊழியர்' என்னும் பொருள்பட அவர் கல்லறையிலே பொறித்துள்ளனர். நூல் தவறுவது பெருங்குற்றமன்று. தவறிய நூலைத் திருத்துவாரின்றி விடுவதே இழப்பு. இதனை நன்குணர்ந்தவர் நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள். 1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் வகுக்கும் பணியை அவர் முன்னெடுத்தார்.

இது பழங்கதை மட்டுமன்று. 1912இலே இரங்கூனில் விற்மோர் என்பவரும் அவருடைய துணைவர் கிருஷ்ணசுவாமியும் ஒரு புதுக்கிருமியைப் பற்றி எழுதினர். மண்ணிலும் சேற்றிலும் வாழ்ந்து, காயத்தின் வழியே உடலிற் புகுந்து, உறுப்புக்களிலே சீழ்க்கட்டிகளையும் குருதி நஞ்சையும் விளைப்பது அது. மெலியோயிடோசிஸ் என்பது அந்நோயின் பெயர். இலங்கையில் அது முதன்முதல் 1927இல் அறியப்பட்டது. இந்நூற்றாண்டிலே மட்டக்களப்பிலும் நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். மழைக்காலத்தில் இது மிகும். நீரிழிவுடையோரை எளிதிற் பற்றும். வழக்கமான மருந்துகள் பல இதற்குப் பயன்படா. கட்டியைக் கீறிச் சீழை அகற்றினாலும், உரிய மருந்தைப் பல வாரம் ஊசி வழியும், பின்னர்ப் பல மாதம் வாய்வழியும் கொள்ளாவிடின் நோய் மீளும்.

இந்நோய்க்கு நம் ஊரிலே வழங்கும் பெயர் ஒன்றில்லை. பெயரில்லாத நோயை உழவன் எவ்வாறு அஞ்சுவான்? வயலில் இறங்குமுன் பாதணி அணிக. காயத்தைச் சுத்தநீரிலே சவர்க்காரமிட்டுக் கழுவி மூடுக. காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சென்று, 'சேற்றிலே வேலை செய்தேன்' என்று மறவாது சொல்லுக. சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரும் புண் சிவந்து வீங்கினால், அல்லது நடுக்கமும் மயக்கமும் கண்டால், ஒருநாளும் தாமதித்தலாகாது.

கைகழுவுக என்று செம்மல்வைஸ் சொன்ன சொல் எளிது. அது கேட்கப்படாமையாற் போன உயிர்கள் பல. அவ்வெளிய சொல்லைப் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் அவரவர் வீட்டுத் தமிழிலே எடுத்துச் செல்லுதல், கிறீன் தொடங்கி வைத்த பணியின் எஞ்சிய பகுதியாகும். அதனைச் செய்ய வைத்தியர் மட்டும் போதார். பள்ளியாசிரியராகிய எங்களுக்கும் அதிற் பங்குண்டு.